கருமையான தோலில் எக்சிமா: சிவப்பைத் தேடினால் நோய் தப்பிவிடும்

ஒரு தாய் கேட்டிருந்த கேள்வி இது. அவருடைய மகளுக்கு ஆறு வயது. கைக்குழந்தையாக இருந்தபோதே எக்சிமா, அதாவது விடாமல் அரிக்கும் தோல் அழற்சி, வந்துவிட்டது. நல்ல கருமையான தோல். ராத்திரி முழுக்கச் சொறிந்துகொண்டே இருக்கிறாள், தூக்கமே இல்லை. மருத்துவரிடம் போனால், "லேசாகத்தான் இருக்கிறது, பயப்பட வேண்டாம்" என்று மென்மையான ஒரு க்ரீமை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுகிறார். கருமையான தோல் உள்ளவர்களுக்கு இந்த நோயில் சரியான கவனிப்பு கிடைப்பதில்லை என்று சொல்கிறார்களே, அது நிஜமா, நிஜமென்றால் அதை எப்படிச் சரிசெய்வது என்பது அவருடைய கேள்வி.

நிஜம்தான். பல காரணங்கள் ஒன்றுசேர்ந்து வருவது இது. வசதி, தூரம், காப்பீடு, இனப் பாகுபாடு எல்லாவற்றுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் என்னைக் கேட்டால், எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பது ஒரு சின்ன விஷயம். எக்சிமா எவ்வளவு கடுமை என்பதை மருத்துவ உலகம் சிவப்பை வைத்து அளக்கப் பழகியிருக்கிறது. கருமையான தோலில் அந்தச் சிவப்பு தெரியாது. அளவுகோல் தவறாக இருந்தால் அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் தவறாகத்தான் போகும்: நோய் லேசானது என்று குறிக்கப்படும், மருந்து போதாமல் போகும், நிபுணரிடம் அனுப்புவது தள்ளிப்போகும், அதற்குள் தோல் தடித்துக் கறுத்துவிடும்.

அழற்சி வந்த இடத்தில் ரத்தக் குழாய்கள் விரிகின்றன. வெளிர்ந்த தோலில் அது பளிச்சென்று சிவப்பாகத் தெரியும். கருமையான தோலிலும் ரத்தம் அதே அளவுதான் ஓடுகிறது, ஆனால் மேலே இருக்கும் மெலனின் என்ற கரும் நிறமி அந்தச் சிவப்பை மறைத்துவிடும். அதனால் திட்டு ஊதா கலந்த பழுப்பாகவோ, சாம்பல் படர்ந்தது போலவோ, சுற்றியிருக்கும் தோலைவிடக் கொஞ்சம் கறுத்தோ தெரியும். அதைப் பார்த்து, "பழைய தழும்பு, நோய் அடங்கிவிட்டது" என்று நினைத்துவிடுவது மிகச் சுலபம். கொதித்துக்கொண்டிருக்கும் அழற்சி ஆறிப்போன தழும்பாகக் கணக்கில் ஏறிவிடுகிறது.

வடிவமும் மாறும். பாடங்களில் முழங்கை மடிப்பும் முழங்காலின் பின்பக்கமும்தான் எக்சிமாவின் இடம். கருமையான தோல் உள்ள குழந்தைகளில் முட்டியின் மேல்பக்கம், முழங்கையின் வெளிப்பக்கம், கணுக்கால், வயிறு என்று வேறு இடங்களிலும் அடிக்கடி வரும். பெரிய திட்டாக இல்லாமல், மயிர்க்கால் ஒவ்வொன்றையும் சுற்றிப் புள்ளி புள்ளியாக, புல்லரித்து நிற்கும் தோல்போல வருவதும் உண்டு. நேராகப் பார்த்தால் ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் மேடு பள்ளம் தெரியும். உள்ளங்கையை மெதுவாக ஓட்டினால் சொரசொரப்பு கையில் தட்டும். இன்னும் முற்றினால் தோல் தடித்து, அதிலுள்ள இயல்பான கோடுகள் ஆழமாகும். இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தால் மெல்லியதாக மடியாது. சிலருக்குக் கடினமான, அரிப்பெடுக்கும் முடிச்சுகளும் வந்துவிடும். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் சொறிந்தால்தான் தோல் இந்த நிலைக்கு வரும். இத்தனையும் இருக்கும் தோலைப் பார்த்துவிட்டு லேசான நோய் என்று சொல்ல முடியாது.

பிரிட்டனில் மருத்துவர்களுக்குச் சிகிச்சை நெறிகளை வகுத்துத் தரும் நைஸ் என்ற அமைப்பு, குழந்தைகளின் எக்சிமாவுக்காக 2007-இல் வெளியிட்ட வழிகாட்டியிலேயே இது இருக்கிறது. ஆசிய, கறுப்பினக் குழந்தைகளுக்கு மடிப்புகளைவிட வெளிப்பக்கங்களில் நோய் வரக்கூடும், வட்டத் திட்டுகளாகவோ மயிர்க்கால்களைச் சுற்றியோ வருவது கூடுதலாக இருக்கலாம் என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். எழுதியிருப்பது வேறு, பரிசோதனை அறையில் கண் அதைத் தேடுவது வேறு.

அளவுகோலின் கதைக்கு வருகிறேன். மருந்து ஆய்வுகளில் கடுமையை அளக்க ஈஸி என்றொரு மதிப்பெண் முறை உண்டு. நான்கு அறிகுறிகளை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை போடுவார்கள்: சிவப்பு, தடிப்பு, சொறிந்த காயம், தோல் முரட்டுத்தனமாதல். நான்கில் ஒன்று சிவப்பு. அது தெரியாத தோலுக்கு எடுத்த எடுப்பிலேயே மதிப்பெண் குறைந்துவிடும். லண்டனில் குழந்தைகளைப் பரிசோதித்து 2002-இல் வெளியான ஓர் ஆய்வு இதைப் பட்டவர்த்தனமாகக் காட்டியது. சாதாரணமாகக் கணக்குப் போட்டபோது கறுப்பினக் குழந்தைகளுக்கும் வெள்ளையினக் குழந்தைகளுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சிவப்பு மதிப்பெண்ணால் வரும் கோளாறைச் சரிசெய்து பார்த்தபோது, கறுப்பினக் குழந்தைகளுக்குக் கடுமையான எக்சிமா இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 6 மடங்காக இருந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. இன்னும் எத்தனையோ இடங்களில் சிவப்பை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள் என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

இத்தனைக்கும் திருத்தம் எளிது. ஈஸி முறையைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுக்கும் குறிப்பிலேயே, தோல் கருமையாக இருந்து சிவப்பைக் கணிக்க முடியாவிட்டால் அந்த மதிப்பெண்ணை ஒரு படி கூட்டிப் போடுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். முழுமையான தீர்வு இல்லைதான், ஆனால் ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட எவ்வளவோ மேல்.

இதைவிட எனக்குப் பிடித்தது நோயாளியையே கேட்கும் முறை. போயம் என்று பெயர். கடந்த ஒரு வாரத்தைப் பற்றி ஏழு கேள்விகள். எத்தனை நாள் அரித்தது? எத்தனை இரவு தூக்கம் கெட்டது? எத்தனை நாள் ரத்தம் வந்தது, நீர் வடிந்தது, வெடித்தது, செதில் உதிர்ந்தது, தோல் வறண்டு சொரசொரவென்று இருந்தது? ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 28. எட்டைத் தொட்டால் நடுத்தரம், 17-ஐத் தொட்டால் கடுமை. இந்த ஏழிலும் சிவப்பைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. தோலின் நிறம் என்னவாக இருந்தாலும் கேள்வி ஒன்றே, மதிப்பெண்ணும் ஒன்றே. தினமும் அரித்து, ஒருநாள்கூட ராத்திரி தூங்காத ஒரு குழந்தைக்கு முதல் இரண்டு கேள்விகளிலேயே எட்டு வந்துவிடும். அதாவது மற்ற ஐந்தையும் கேட்பதற்கு முன்பே "லேசானது" என்ற கட்டத்தை அது தாண்டிவிட்டது. உங்கள் மகளுக்கும் இதைப் போட்டுப் பாருங்கள். அந்த எண்ணை எழுதி எடுத்துக்கொண்டு போனால் மருத்துவருடன் பேசுவதே வேறு மாதிரி ஆகிவிடும்.

அடுத்தது நிறம். கருமையான தோல் உள்ள பலருக்கு அரிப்பைவிடப் பெரிய வேதனை நோய் விட்டுப்போகும் தடம்தான். அழற்சி மெலனின் செல்களைத் தூண்டிவிடும். நிறமி கூடுதலாக உண்டாகும், சில சமயம் கீழ் அடுக்குக்குள் இறங்கித் தங்கிவிடும். மேலே தங்கியது சில மாதங்களில் மங்கும். கீழே இறங்கியது போக ஆண்டுக்கணக்கில் ஆகலாம். சிலருக்கு நேர்மாறாக வெளுக்கும்; குழந்தைகளின் கன்னத்தில் வெளிறிய தேமல்போல் வருவது பெரும்பாலும் இந்த வகைதான். விடாமல் சொறிந்த இடத்தில் நிறம் முற்றிலும் போய்விடுவதும் உண்டு. இதை "அழகு சம்பந்தப்பட்டது" என்று ஒதுக்கிவிடும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். அது தவறு. அரைக்கைச் சட்டை போடக் கூச்சப்படும் பிள்ளைக்கு அந்தத் திட்டும் நோயின் ஒரு பகுதியே. நிறம் கெடாமல் இருக்க இருக்கும் ஒரே நல்ல வழி, அழற்சியைச் சீக்கிரமாகவும் முழுமையாகவும் அடக்குவது. ஆக, மருந்து தாமதிப்பதால் வரும் நஷ்டம் வெளிர்ந்த தோலைவிடக் கருமையான தோலில் அதிகம். நடைமுறையில் தாமதம் யாருக்கு அதிகமோ, நஷ்டமும் அவர்களுக்கே அதிகம்.

அழற்சியை அடக்கத் தடவுவது பெரும்பாலும் ஸ்டீராய்டு க்ரீம்; இங்கேதான் ஸ்டீராய்டு பயம் குறுக்கே வருகிறது. தோலை வெளுக்க வைக்கும், மெலிய வைக்கும் என்று பயந்து, பட்டும் படாமலும் தடவி, இரண்டு நாளில் நிறுத்திவிடுகிறார்கள். அந்தப் பயம் காரணமில்லாமல் வந்ததில்லை. நிறத்தை வெளுக்க வைக்க விற்கும் க்ரீம்களில் க்ளோபெட்டசால் போன்ற மிக வலுவான ஸ்டீராய்டு கலந்திருப்பதும், அதை முகத்தில் மாதக்கணக்கில் தடவி தோலைக் கெடுத்துக்கொண்டவர்களும் நிறைய. அதைக் கண்ணால் பார்த்த குடும்பம் பயப்படாமல் என்ன செய்யும்? "பயப்படாதீர்கள்" என்று ஒரு வார்த்தையில் முடிக்காமல் மருத்துவர் இதை உட்கார்ந்து விளக்க வேண்டும். சரியான வலு, சரியான இடம், சரியான காலம் என்றால் ஸ்டீராய்டு க்ரீமால் நிறம் வெளுப்பது அரிது. வந்தாலும், நிறுத்திய பிறகு பெரும்பாலும் திரும்பிவிடும். வெள்ளைத் திட்டு தெரிந்தால் அது மருந்தால் வந்ததைவிட எக்சிமாவால் வந்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மருந்து தடவிச் சொரசொரப்பு போன பிறகுதான் அந்த வெளுப்பு கண்ணுக்குத் தெரிகிறது, பழி மருந்தின் மேல் விழுகிறது. இதை முதல் நாளே சொல்லிவிட்டால் பாதிப் பேர் மருந்தை நடுவில் நிறுத்த மாட்டார்கள்.

எவ்வளவு தடவுவது என்பதையும் காட்டிக் கொடுக்க வேண்டும். பெரியவர் ஒருவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் அது ஏறக்குறைய அரை கிராம். பெரியவரின் இரண்டு கை அளவுள்ள இடத்துக்கு அது போதும், விரல்களையும் சேர்த்துத்தான். பலரும் இதில் கால்வாசிகூடத் தடவுவதில்லை, அப்புறம் மருந்து கேட்கவில்லை என்கிறார்கள். மாய்ஸ்சரைசர் விஷயத்தில் இன்னும் மோசம். எக்சிமா உள்ள குழந்தைக்கு வாரத்துக்கு 250 முதல் 500 கிராம் வரை தேவைப்படும் என்கிறது நான் மேலே சொன்ன பிரிட்டன் வழிகாட்டி. சின்ன ட்யூப் ஒன்றை எழுதிக்கொடுத்து ஒரு மாதம் ஓட்டச் சொன்னால் அது சிகிச்சையே ஆகாது.

அடங்கிய பிறகும் அடிக்கடி திரும்பி வரும் இடங்களுக்கு, வாரத்தில் இரண்டு நாள் மட்டும் ஸ்டீராய்டு க்ரீம் தடவிவரும் முறை உண்டு. இல்லாவிட்டால் டாக்ரோலிமஸ் களிம்பு. இது ஸ்டீராய்டு கிடையாது, தோலை மெலிய வைக்காது, வெளுக்கவும் வைக்காது. முகத்துக்கும் கண்ணிமைக்கும் ஏற்றது. முதல் சில நாள் எரிச்சல் இருக்கும், அதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் அதையும் தூக்கி வைத்துவிடுவார்கள். கருமையான தோலில் அழற்சி அடங்கியதா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? நிறத்தைப் பார்க்காதீர்கள். அரிப்பு நின்று, தொட்டால் வழவழப்பாகவும் மெல்லியதாகவும் இருந்தால் அடங்கிவிட்டது. கறுப்புத் திட்டு மட்டும் மிச்சம் இருந்தால் அதற்கு மேல் ஸ்டீராய்டு தேவையில்லை. திட்டு மங்கக் காலம்தான் வேண்டும், வெயில் படாமல் பார்த்துக்கொள்வதும் உதவும். இந்த ஒரு வித்தியாசம் தெரியாததால்தான் ஒரு பக்கம் சிலர் மருந்தைச் சீக்கிரம் நிறுத்துகிறார்கள், இன்னொரு பக்கம் சிலர் தழும்பைப் போக்க நினைத்து மாதக்கணக்கில் தடவிக்கொண்டே இருக்கிறார்கள்.

இதெல்லாம் ஒரு பரிசோதனை அறைக்குள் சரிசெய்யக்கூடியவை. அதற்கு வெளியேயும் வேலை இருக்கிறது, அதில் முதலாவது மருத்துவக் கல்வி. மாணவர்கள் படிக்கும் படங்களில் பெரும்பாலானவை வெளிர்ந்த தோல். அதைவிட வருத்தமான ஒன்று: சிஃபிலிஸ் போன்ற பால்வினை நோய்களின் பக்கத்துக்குப் போனால் அங்கே மட்டும் கருமையான தோலின் படங்கள் கூடிவிடுகின்றன. தோலின் நிறத்தை வகைப்படுத்த நாம் இன்றும் பயன்படுத்தும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோல்கூட 1975-இல் புற ஊதாக் கதிர்ச் சிகிச்சையின் அளவைத் தீர்மானிக்க வெள்ளையர்களின் தோலை மனதில் வைத்து உருவானதுதான்; பழுப்பு, கறுப்புத் தோலுக்கான ஐந்தாம், ஆறாம் வகைகள் பின்னால் சேர்க்கப்பட்டவை. மாற்றம் வராமலும் இல்லை. கருமையான தோலுக்கான ஆய்வையும் பயிற்சியையும் முன்னெடுக்க அமெரிக்காவில் மருத்துவர் சூசன் டெய்லர் 2004-இல் ஒரு சங்கத்தைத் தொடங்கினார். 2020-இல் லண்டனில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த மலோன் முக்வெண்டே, நோய் அறிகுறிகள் கறுப்பு, பழுப்புத் தோலில் எப்படித் தெரியும் என்பதற்குத் தன் ஆசிரியர்களோடு சேர்ந்து ஒரு கையேட்டையே உருவாக்கி இலவசமாக வெளியிட்டார். ஒரு மாணவர் செய்ய முடிந்ததைக் கல்லூரிகள் செய்ய முடியாதா? தேர்வுத்தாளில் ஒவ்வொரு தோல் நோய்க்கும் கருமையான தோலின் படம் ஒன்று கட்டாயம் என்று வைத்தாலே படிக்கிற விதம் மாறிவிடும்.

கணினி நோயறிதலிலும் இதே ஆபத்து. ஸ்டான்ஃபோர்டில் 2022-இல் பல நிறத் தோல்களின் 656 படங்களைச் சேர்த்து அப்போதைய மென்பொருள்களைச் சோதித்தார்கள். தோல் கட்டி புற்றா இல்லையா என்று சொல்வதில் கருமையான தோலில் அவை தடுமாறின. அந்தப் படங்களைக் கொண்டே மறுபடி பயிற்சி கொடுத்தபோது இடைவெளி குறைந்துவிட்டது. எக்சிமாவும் இதே பாதையில்தான் போகும். எந்தப் படத்தைக் காட்டிக் கற்றுக்கொடுத்தோமோ அதைத்தான் அது பார்க்கும்.

மருந்து ஆய்வுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2017-இல் எக்சிமாவுக்கான முதல் உயிரியல் மருந்தாக (உயிரணுக்களில் உருவாக்கி ஊசியாகப் போடும் மருந்து) டூபிலுமாப் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கடுமையான நோய்க்கு அது பெரிய திருப்புமுனை. அதற்கான பெரிய ஆய்வுகளில் கலந்துகொண்டவர்களில் வெள்ளையர்களே அதிகம். மருந்து மற்றவர்களுக்கு வேலை செய்யாது என்று இதற்குப் பொருளில்லை. கிடைத்தவரை நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் நிறத்திட்டு எப்போது மங்கும், முடிச்சுகள் எப்போது கரையும் போன்ற, இந்த நோயாளிகள் கேட்கும் கேள்விகளை யாரும் அளக்கவே இல்லை. இப்போது கொஞ்சம் மாறுகிறது. லெப்ரிகிசுமாப் என்ற இன்னொரு உயிரியல் மருந்துக்குக் கருமையான தோல் உள்ளவர்களை மட்டும் சேர்த்து ஓர் ஆய்வு நடத்தி, நிறமாற்றத்தையும் தனியாக அளந்திருக்கிறார்கள். எல்லா ஆய்வும் இப்படித்தான் திட்டமிடப்பட வேண்டும் என்பது என் கருத்து.

மரபணுவைப் பற்றி ஓர் எச்சரிக்கை. எக்சிமாவுக்கும், தோலின் மேலடுக்கை உறுதியாக்கும் புரதத்தைத் தரும் ஃபிலாக்ரின் மரபணுவுக்கும் உள்ள தொடர்பு 2006-இல் தெரியவந்தது. முதலில் கண்டுபிடித்த மாற்றங்கள் ஐரோப்பிய வம்சாவளியினரிடம் பரவலானவை, ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் அரிதானவை. அதை மட்டும் தேடும் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தால், நோய்க்கு மரபுக் காரணம் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. அதேபோல, கறுப்பினக் குழந்தைகளுக்கு எக்சிமா கூடுதலாக வருவதை எல்லாம் "அவர்கள் உடம்பு அப்படி" என்று மரபணுவின் தலையில் கட்டுவதும் சரியில்லை. நெரிசலான வீடு, வாகனப் புகை, நிபுணரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருப்பது, வேலையை விட்டுவிட்டு வர முடியாத பெற்றோர் எல்லாமே தோலில் வந்து எழுதுகின்றன. மாலை நேரக் கிளினிக், முதல்நிலை மருத்துவர் படம் அனுப்பி நிபுணரிடம் கேட்கும் வசதி, தடவும் முறையைச் செவிலியர் நேரில் செய்துகாட்டுவது போன்றவை பெரிய செலவு இல்லாதவை. மிகவும் பின்தங்கியவர்களுக்கு முதலில் பயன்படுவதும் இவைதான்.

சரி, உங்கள் மகள் விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த முறை போகும்முன் படங்கள் எடுத்துவையுங்கள். ஃப்ளாஷ் வேண்டாம், அது கருமையான தோலில் எல்லாவற்றையும் தட்டையாக்கிவிடும். பகல் வெளிச்சத்தில், ஜன்னல் ஒரு பக்கமாக இருக்கும்படி, மாய்ஸ்சரைசர் தடவும் முன், நோய் இல்லாத பக்கத்துத் தோலும் சேர்ந்து தெரியும்படி எடுங்கள். மோசமான நாளில் எடுங்கள். நீங்கள் போகும் நாளில் நோய் தணிந்திருக்கலாம். போயம் மதிப்பெண்ணையும், இதுவரை தடவிய க்ரீம்களின் பெயர், எத்தனை நாள், எவ்வளவு என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். மருத்துவர் பார்த்துவிட்டு லேசானது என்றால், "கொஞ்சம் தொட்டுப் பாருங்கள், டாக்டர்" என்று தயங்காமல் சொல்லுங்கள். கடுமையை எதை வைத்துக் கணித்தீர்கள் என்று கேளுங்கள். நான்கு வாரத்தில் குறையாவிட்டால் அடுத்த படி என்ன என்று அங்கேயே கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.

சரியாகத் தடவியும் குறையவே இல்லை என்றால் நோயே வேறாக இருக்கலாம். வீட்டில் மற்றவர்களுக்கும் அரித்தால் சிரங்குப் பூச்சி, வட்டமாகப் பரவினால் படர்தாமரை, உணர்ச்சி குறைந்த வெளிர் திட்டு என்றால் தொழுநோய். பெரியவர்களுக்கும் அரிதாகக் குழந்தைகளுக்கும் மைகோசிஸ் ஃபங்காய்டிஸ் என்ற ஒருவகைத் தோல் புற்று கருமையான தோலில் வெளிறிய திட்டாக வந்து, ஆண்டுக்கணக்கில் எக்சிமா என்ற பெயரிலேயே வைத்தியம் பார்க்கப்படுவது உண்டு. சந்தேகம் இருந்தால் தோலில் சிறு துண்டு எடுத்துப் பரிசோதிக்கத் தயங்கக் கூடாது.

அவசரமாகப் போக வேண்டிய சமயங்களும் உண்டு. ஒரே அளவில், குடைந்தெடுத்ததுபோல் சின்னச் சின்னப் புண்கள் திடீரென்று கூட்டமாக வந்து, வலியும் காய்ச்சலும் இருந்தால் அது எக்சிமா மேல் ஹெர்பெஸ் கிருமி தொற்றியது. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும், கண்ணுக்கு அருகில் என்றால் இன்னும் வேகமாக. பாக்டீரியா தொற்றுக்கும் சிவப்புக்காகக் காத்திருக்காதீர்கள். புறங்கையை வைத்துப் பார்த்துப் பக்கத்துத் தோலைவிடச் சூடாக இருக்கிறதா, வீங்கியிருக்கிறதா, தொட்டால் வலிக்கிறதா, மஞ்சளாகப் பொருக்குத் தட்டுகிறதா என்று பாருங்கள். உடம்பு முழுக்கத் தோல் கறுத்து, செதில் உதிர்ந்து, குளிரில் நடுங்கினால் அதுவும் அவசரம்தான். வெளிர்ந்த தோலில் அது உடம்பெல்லாம் சிவந்து யார் கண்ணிலும் பட்டுவிடும், உங்கள் மகளின் தோலில் நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும்.